டாங்கில் இருக்கும் காற்று இருவருக்கு: அட்வான்ஸ்டு ஸ்கூபா பயிற்சிக்குக் கிளம்பும் முன்

ஸ்கூபாவின் முதல் நிலைப் படிப்பான ஓபன் வாட்டரை முடித்து அட்டை வாங்கியாகிவிட்டது. தியோமானிலோ பெர்ஹெந்தியானிலோ சில முறை இறங்கி ஆமையும் பார்த்தாயிற்று. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு படிக்கலாமா என்று கோலாலம்பூரில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார இறுதிகளில் பயிற்சி வகுப்புகளுக்கு உதவியாளராகப் போய் வருவதால், ஒவ்வொரு சீசனிலும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பழக்கம். முதல் கேள்வி பெரும்பாலும், "இதை முடிச்சா 30 மீட்டர் போகலாம்தானே?" என்பதாகத்தான் இருக்கும்.

போகலாம். ஆனால் 30 மீட்டருக்கு இறங்குவதில் பெரிய திறமை ஏதும் இல்லை. இடுப்பில் எடை கட்டினால் யாரும் இறங்கிவிடலாம். அங்கே பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது ஆனால், பதறாமல் அவரைப் பத்திரமாக மேலே கொண்டுவரத் தெரிய வேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், அதற்குத் தயாராகும்போதும், படித்து முடித்த பிறகும் இதை மனதில் வைத்தே முடிவெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எந்தப் படிப்பு, எந்த மாதம்

பேடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் படிப்பில் 5 டைவ். ஆழ டைவும் நீருக்கடியில் திசை கண்டுபிடிக்கும் டைவும் கட்டாயம். மீதி மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். எஸ்எஸ்ஐ (SSI) என்ற இன்னொரு அமைப்பில் இதற்கு இணையான படிப்பு அட்வான்ஸ்டு அட்வென்சரர். அதே எஸ்எஸ்ஐ-யில் அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் என்பது, நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவும் முடித்தவர்களுக்குத் தரும் தகுதி. விலை விசாரிக்கும்போது எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விருப்பமான மூன்றில் முதலாவதாக மிதப்புக் கட்டுப்பாட்டை (மூழ்காமல், மேலே எழாமல் ஒரே ஆழத்தில் நிற்பதை) எடுங்கள் என்பேன். அது கைவராமல் மற்ற எதுவும் கைவராது. இரண்டாவது இரவு டைவ். விளக்கு வெளிச்சம் போகும் இடம் மட்டுமே தெரியும்போது கூடவே இறங்கும் ஜோடியைத் தொலைக்காமல் இருக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். மூன்றாவது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது. பெர்ஹெந்தியானில் சர்க்கரை ஏற்றிவந்து மூழ்கிய கப்பல் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே படிப்பவர்கள் மூழ்கிய கப்பல் டைவை எடுக்கலாம். புகைப்பட டைவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். கையில் கேமரா வந்ததும் கண் ஜோடியை விட்டு விலகிவிடுகிறது. அந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டால் போக்குவது சிரமம்.

கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலான டைவ் கடைகளும் தங்குமிடங்களும் மூடிவிடும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் சீசன். ஆகவே தைப்பூச விடுமுறை இதற்கு உதவாது. தீபாவளி விடுமுறையும் பல ஆண்டுகளில் சீசன் முடிந்த பிறகே வருகிறது. பள்ளி விடுமுறை வாரங்களில் தீவு நிரம்பி வழியும். பயிற்றுநருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. அதெல்லாம் இல்லாத ஒரு வாரத்தில், இரண்டு நாள் லீவு போட்டு, வார இறுதியோடு சேர்த்து நான்கு நாளாகப் போங்கள். புரட்டாசியில் போகிறவர்கள் சைவச் சாப்பாட்டைப் பற்றி முன்பே தங்குமிடத்தில் சொல்லிவிடுவது நல்லது. வெறும் வயிற்றோடு படகில் ஏறினால் குமட்டல் அதிகமாகும்.

பள்ளியிடம் என்ன கேட்பது

விலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: சொல்லும் தொகையில் எது எதெல்லாம் அடங்கும் என்று கேளுங்கள். படகு, கடல் பூங்காக் கட்டணம், கருவி வாடகை, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், பாடப்பொருள், சான்றிதழ் அட்டை, தங்குமிடம் என்று ஒவ்வொன்றாக. மலிவாகத் தெரிவது கடைசியில் மலிவாக இருக்காது.

அதைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன. ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவர்? பேடி விதி 8 பேர் வரை அனுமதிக்கிறது. ஆனால் அட்வான்ஸ்டு வகுப்பில் 4 பேருக்கு மேல் இருந்தால் நான் சேரமாட்டேன். 30 மீட்டரில் எட்டு முகங்களையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது. அப்புறம், படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? ஜோடியை மாற்றாமல் முழுப் படிப்பையும் நடத்துவார்களா? ஒவ்வொரு டைவுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவார்களா? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொல்கிற பள்ளி நல்ல பள்ளி. ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்பவர்களை விட்டு விலகுங்கள். ஐந்து டைவையும் அவசரமாக முடித்தால் அட்டை கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.

மருத்துவப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா, இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், முன்பு செய்த அறுவைச் சிகிச்சை எல்லாம் அதில் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று போட்டால் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நம் குடும்பங்களில் சர்க்கரையும் பிரஷரும் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். மறைத்தால் ஆபத்து உங்களோடு நிற்பதில்லை. நீருக்கடியில் உங்களுக்கு மயக்கம் வந்தால், தன் உயிரையும் பணயம் வைத்து உங்களை மேலே கொண்டுவரப் போகிறவர் உங்கள் ஜோடி. ஆகவே கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பவர்கள் ஜோடியிடமும் சொல்லிவிடுங்கள்.

தலைநகரிலேயே முடிக்க வேண்டிய வேலை

தீவுக்குப் போய்த்தான் பயிற்சி தொடங்கும் என்று நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் உள்ள பல டைவ் பள்ளிகள் நீச்சல்குளத்தில் பயிற்சி தருகின்றன. பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, ஜோடியாகப் போகிறவரோடு சேர்ந்து, பயிற்றுநர் மேற்பார்வையில் ஒருமுறையாவது குளத்தில் இறங்குங்கள். கொண்டோ குளத்தில் தாமாகவே டாங்கை மாட்டிக்கொண்டு பழகுவது வேண்டாம். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால்கூட நுரையீரல் காயப்படலாம்.

முதலில் எடை. ஆரம்பத்தில் பலருக்குத் தேவைக்கு மேல் எடை கட்டிவிடுகிறார்கள், சீக்கிரம் மூழ்கட்டும் என்று. அதிக எடை என்றால், மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் அதிகக் காற்று. அதிகக் காற்று என்றால் ஆழம் மாறும்போதெல்லாம் மேலும் கீழும் அலைக்கழிப்பு. சோதனை எளிது. ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, சாதாரண மூச்சோடு செங்குத்தாக நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். டாங்க் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் இரண்டு கிலோ வரை கூட்டிக்கொள்ளுங்கள். ஏனென்றால் காற்றுக்கும் எடை உண்டு: வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய டாங்கில் நிரப்பிய காற்று சுமார் இரண்டரைக் கிலோ. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போய், டாங்க் மிதக்கப் பார்க்கும். நன்னீர்க் குளத்தைவிடக் கடலில் மிதப்பு அதிகம் என்பதால் தீவில் இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும்.

அப்புறம் உடல் நிலை. வயிறு தரையைப் பார்க்க, முழங்கால் மடங்கி, பாதம் சற்று மேலே, தலை நிமிர்ந்து, கை முன்னால். இப்படிக் கிடைமட்டமாக, கையை ஆட்டாமல், காலில் மாட்டிய துடுப்பை ஆட்டாமல், மூச்சை மட்டும் வைத்து ஒரே ஆழத்தில் சில நிமிடம் நிற்கப் பழகுங்கள். குளத்தில் இது கடலைவிடக் கடினம், காரணம் மேல்மட்டத்துக்கு அருகில்தான் சிறிய ஆழ மாற்றத்துக்குக்கூட காற்றின் பருமன் அதிகமாக மாறுகிறது. குளத்தில் வந்துவிட்டால் கடலில் வரும்.

தவளை போல உதைக்கும் முறையை அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். மேலும் கீழும் அடிக்கும் உதை மணலைக் கிளப்பிப் பின்னால் வருபவரின் கண்ணை மறைக்கும், பவளத்தையும் உடைக்கும். பின்னோக்கி நகரும் உதையும் நின்ற இடத்திலேயே திரும்பும் உதையும் வர நாளாகும். ஆனால் ஜோடியின் முகத்துக்கு நேராக, மோதாமல், விலகாமல் நின்று காற்றைப் பகிர வேண்டுமென்றால் அவை இரண்டும் வேண்டும்.

இதெல்லாம் ஓரளவு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். மிதந்து நின்றபடியே ஒருவர் மாஸ்க்கைக் கழற்றி மாட்டட்டும். மற்றவர் எதிரே நின்று அவருடைய கையைப் பார்க்கட்டும், ஆழத்தையும் பார்க்கட்டும். கண் தெரியாமல் நிற்பவர் மேலே மிதந்து போனால் தோளைத் தொட்டு நிறுத்தட்டும். குழுவாக டைவ் செய்வதன் சாரம் இந்தச் சிறிய பயிற்சியிலேயே இருக்கிறது: ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் அவருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது.

தீவுக்குப் போனதும்

தியோமானுக்கு மெர்சிங் துறையிலிருந்து படகு. படகு நேரம் கடல் ஏற்றவற்றத்தைப் பொறுத்து மாறும், முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெர்ஹெந்தியானுக்குக் குவாலா பெசுட். இரவுப் பேருந்தில் தூங்காமல் போய்ச் சேர்ந்து, காலையிலேயே ஆழ டைவுக்கு இறங்கத் திட்டம் போடாதீர்கள். களைப்பும் நீர்ச்சத்துக் குறைவும் ஆழத்தில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். முதல் நாள் ஓர் ஆழமற்ற டைவ், அதில் எடைச் சோதனையும் மிதப்பும், போதும்.

இறங்குவதற்கு முன் பேச வேண்டியதைப் பேசும் வழக்கத்தை முதல் டைவிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். குழுப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஜியூஇ அமைப்பு ஒரு வரிசை வைத்திருக்கிறது. இன்றைய இலக்கு என்ன, குழுவில் யாருக்கு என்ன பொறுப்பு, கருவி சரியாக இருக்கிறதா, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்படி மேலேறுவது, காற்று எவ்வளவு, கடலும் நீரோட்டமும் எப்படி என்று அது போகும். எந்த அமைப்பில் படித்தாலும் இந்த வரிசை உதவும். அப்புறம் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்ப்பது. ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா, எடையை எப்படிக் கழற்றுவது, வார்கள் எங்கே, டாங்க் வால்வு திறந்திருக்கிறதா. டாங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கடைக்காரப் பையன் மாட்டிக்கொடுத்தான், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

நம்மவர்களிடம் நான் பார்க்கிற ஒரு தடங்கலை இங்கே சொல்லியாக வேண்டும். மாமாவும் மருமகனும், அண்ணனும் தம்பியும், ஆபீஸ் மேலாளரும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவரும் ஜோடியாக வருவார்கள். சிறியவருக்குக் காது வலிக்கும், அல்லது மனம் சரியாக இருக்காது. ஆனால் பெரியவரைப் பார்த்து, "போதும், மேல போகலாம்" என்று சைகை காட்டத் தயங்குவார். மரியாதை. கரையில் நல்ல குணம். தண்ணீருக்கடியில் அது ஆளைக் கொல்லும். டைவிங்கில் உலகம் முழுக்க ஒரே விதி: யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை முடிக்கலாம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகிறோம் என்று பொருள். அதற்குப் பதிலும் கட்டைவிரல்தான். ஏன் என்ற கேள்வி கிடையாது, பிறகு படகில் முறைப்பும் கிடையாது.

இதற்கு வழி, பெரியவரே வாய்விட்டுச் சொல்வது. "தம்பி, நீ விரலைக் காட்டுனா நான் ஒண்ணும் கேட்காம மேல வந்துருவேன். நான் காட்டுனா நீயும் வந்துரணும்." இதைப் படகில் எல்லார் முன்னாலும் சொல்ல வைக்கிறேன். முதல் பயிற்சி டைவில், எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே, இளையவரை ஒருமுறை கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை காட்டிவிட்டால் அடுத்த முறை கை தானாக வரும்.

காற்றுக் கணக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓபன் வாட்டரில், 50 பார் (டாங்கிலுள்ள காற்றழுத்தத்தின் அளவு) மிச்சத்தோடு படகுக்கு வா என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 30 மீட்டரில் அது மட்டும் போதாது.

வாடகை அலுமினிய டாங்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பங்கு கூடும். 30 மீட்டரில் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு எடுப்பவர் அங்கே 80 லிட்டர் எடுப்பார். 2,200-ஐ 80-ஆல் வகுத்தால் 27 நிமிடம். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால்தான் இந்த 27.

இப்போது, அந்த ஆழத்தில் உங்கள் ஜோடியின் காற்று நின்றுவிட்டது என்று வையுங்கள். இனி உங்கள் டாங்கிலிருந்து இருவர் மூச்சு விட வேண்டும். பதற்றத்தில் மூச்சு கூடும்; ஆளுக்கு நிமிடம் 30 லிட்டர் என்றால் இருவருக்கும் 60. ரெகுலேட்டரைக் கொடுத்து, நிதானப்பட்டு, கிளம்ப ஒரு நிமிடம்: 60 பெருக்கல் 4, 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். வழியில் சராசரி அழுத்தம் இரண்டரை மடங்கு. ஏறக்குறைய 500 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 60 பெருக்கல் 1.5 பெருக்கல் 3, 270 லிட்டர். மொத்தம் 1,010. பதினொன்றால் வகுத்தால் 92 பார். அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதாவது 30 மீட்டரில் உங்கள் முள் 100-க்கு வரும்போது, ஜோடியிடம் 150 இருந்தாலும், இருவரும் மேலே கிளம்பியாக வேண்டும். அந்த 100 பார் சீட்டுப் போட்ட பணம் மாதிரி. உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் அதன் மேல் இன்னொருவருக்கும் உரிமை இருக்கிறது. அதை வைத்து இன்னும் ஐந்து நிமிடம் ஆமையின் பின்னால் போக முடியாது. 18 மீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 60 பார் வரும். ஒவ்வொரு டைவுக்கும் ஆழத்தைக் கேட்டு, இந்த எண்ணை முன்பே போட்டு, ஜோடியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு இறங்குங்கள். இறங்கிய பிறகு, கேட்காமலேயே உங்கள் காற்றை அவரிடம் காட்டுங்கள். சில டைவுகளுக்குப் பிறகு அவருடைய முள் எங்கே இருக்கும் என்று பார்க்காமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டாங்க் காற்று விரைவாகத் தீர்கிறவர்கள் வெட்கப்படுகிறார்கள். வேண்டாம். உடல் பெரியதாக இருந்தால் காற்று அதிகம் வேண்டும், அவ்வளவுதான். மூச்சை அடக்கி மிச்சம்பிடிக்கப் பார்ப்பது ஆபத்து. எடையும் உடல் நிலையும் சரியானால் செலவு தானாகக் குறையும்.

காற்றைப் பகிரும் பயிற்சியை வகுப்பில் ஒருமுறை செய்து காட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். ஒவ்வொரு டைவின் முடிவிலும், 5 மீட்டர் நிறுத்தத்தில் நிற்கும்போது ஒருமுறை செய்யுங்கள். கேட்பவர் கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்ட வேண்டும். கொடுப்பவர் உடனே ரெகுலேட்டரை நீட்ட வேண்டும். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கண்ணைப் பார்த்து, மூன்று மூச்சு விட்டு, பிறகே அசைய வேண்டும்.

ஐந்து டைவில் கவனிக்க வேண்டியவை

ஆழ டைவில் நைட்ரஜன் மயக்கம் பற்றி, அதாவது ஆழத்தில் நைட்ரஜனால் புத்தி மந்தமாவது பற்றிப் பயிற்றுநர் சொல்வார். மேலே ஒரு சிறு கணக்கோ எண் வரிசையோ கொடுத்து நேரம் பார்ப்பார், பிறகு கீழே அதையே செய்யச் சொல்வார். சிலருக்கு வித்தியாசமே தெரியாது, சிலர் திணறுவார்கள். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். மயங்கியவருக்குத் தான் மயங்கியிருப்பது தெரியாது என்பதே இதில் சிக்கல். ஜோடியைப் பார்த்துக் காற்று எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தாமதமாக வந்தாலோ பார்வை நிலைகுத்தி நின்றாலோ, சேர்ந்து சில மீட்டர் மேலே வாருங்கள், தெளிந்துவிடும். நேரமும் குறைவு: பேடி அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம் என்றால் 30 மீட்டரில் 20 நிமிடம்தான். கையில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் இன்னும் குறைவாகவும் காட்டும். அது சொல்வதைக் கேளுங்கள்.

திசை கண்டுபிடிக்கும் டைவை வேலை பிரித்துச் செய்தால் மிக எளிது. ஒருவர் திசைகாட்டியை மட்டும் பார்க்கட்டும். மற்றவர் உதைகளை எண்ணட்டும். ஆழம், நேரம், காற்று, எதிரே வரும் பாறை எல்லாம் அவர் பொறுப்பு. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே நீந்துபவருக்குத் தான் மெல்ல மேலேறுவது தெரியவே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். பிறகு பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் பின்னால் ஒருவராகப் போகாமல், தலையைத் திருப்பினால் முகம் தெரியும்படி பக்கம் பக்கமாகப் போங்கள்.

இரவு டைவில் விளக்கை யார் முகத்திலும் அடிக்காதீர்கள். வட்டமாகச் சுற்றினால் எல்லாம் சரி. வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் உதவி வேண்டும். ஒவ்வொருவரிடமும் உதிரி விளக்கு ஒன்று இருக்கட்டும்.

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் நீருக்கடியிலிருந்து மிதவைக் குழாயை மேலே விடக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தியோமான் சுற்றிலும் வேகப்படகுகள் ஓடுகின்றன. மிதவை இல்லாமல் தலையை நீட்டுவது ஆபத்து. ஒருவர் மிதவையில் காற்றை விடும்போது கயிற்றுச் சுருளைத் தன் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கக் கூடாது, சிக்கினால் மிதவை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மற்றவர் கயிறு எங்கும் சிக்கவில்லை என்று பார்த்து, மேலே படகுச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டு, ஆழத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் கருவியைக் கழுவும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். வயதில் இளையவர் முதலில் பேசட்டும். என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, எங்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் விட்டோம். யாரையும் குற்றம் சாட்டாமல், நடந்ததை மட்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது ரெஸ்க்யூ

அட்வான்ஸ்டு முடித்துக் கொஞ்சம் டைவ் செய்தபின் ரெஸ்க்யூ டைவர் படிப்பைப் படியுங்கள். இதற்கு 24 மாதத்துக்குள் எடுத்த முதலுதவி, சிபிஆர் பயிற்சி வேண்டும். அதைக் கோலாலம்பூரிலேயே முடித்துவிடலாம். எல்லாரும் படிக்க வேண்டிய படிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பதற்றத்தில் இருப்பவரிடம் நேராகப் போய் மாட்டிக்கொள்ளாமல், எட்ட நின்று ஜாக்கெட்டில் காற்று நிரப்பச் சொல்லி, மிதக்கும் பொருளை நீட்டுவது; காணாமல் போனவரை வரிசையாகத் தேடுவது; நினைவிழந்தவரை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே படகுக்கு இழுத்துவருவது என்று உடம்பு நோகும் படிப்பு. எல்லாவற்றையும்விட, பிரச்சினை தொடங்கும் முன்பே முகத்தில் அதைப் படிக்கக் கற்றுத்தருகிறது. படகில் திடீரென்று பேச்சை நிறுத்தியவர், கருவியை மீண்டும் மீண்டும் சரிசெய்பவர், இவர்கள் கண்ணில் படத் தொடங்குவார்கள்.

அதற்கும் மேலே போக விரும்புபவர்களுக்கு ஜியூஇ ஃபண்டமெண்டல்ஸ் போன்ற படிப்பு இருக்கிறது. மிதப்பு, உதை, காற்றுப் பகிர்வு, குழுவாக மேலேறுவது எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் காட்டித் திருத்துவார்கள். தேறாமலும் போகலாம், அளவுகோல் கடுமையானது.

ஊர் திரும்பும்போது

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 600 மீட்டருக்கு மேல் மலை ஏறுவதும் இதே கணக்குதான். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெந்திங்குக்கு அப்படியே போய்விட்டு வரலாம் என்ற யோசனை வேண்டாம். பெர்ஹெந்தியானிலிருந்து காரில் வருபவர்களும் கவனியுங்கள். கராக் நெடுஞ்சாலை கெந்திங் செம்பா பக்கம் சில நூறு மீட்டர் ஏறி இறங்குகிறது. கடைசி நாளை டைவ் இல்லாமல் வைத்துக்கொண்டு மறுநாள் காலை கிளம்புவதே நல்லது.

டைவுக்குப் பிறகு மூட்டு வலி, மரமரப்பு, காரணமில்லாத அசதி வந்தால், வாயுப் பிடிப்பு என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அழுத்தம் குறைந்ததால் வரும் நோய் இப்படித்தான் தொடங்கும். உடனே பள்ளியிடம் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள், மருத்துவமனைக்குப் போய் டைவ் செய்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். லுமுட் இராணுவ மருத்துவமனையில் இதற்கான உயர் அழுத்த அறை இருக்கிறது. டைவ் காப்பீடு எடுத்திருந்தால் அதன் அவசர எண்ணை ஜோடியின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

பருவமழை மாதங்களில் கடல் கிடைக்காது, குளம் கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதே ஜோடியோடு இறங்கி, மிதப்பையும் காற்றுப் பகிர்வையும் செய்யுங்கள். மார்ச்சில் தீவு திறந்ததும் முதல் டைவை 30 மீட்டரில் வைக்காமல் 12 மீட்டரில் வைத்து, எடையை மறுபடி பார்த்து, கணக்கைப் புதிதாகப் போட்டுத் தொடங்குங்கள்.